மச்சானுக்காக வாங்கிய காரின் முன் கண்ணாடி

சிவமயம்

பேரையூர்
ஈசுவர வருஷம், தை மாதம், திங்கட்கிழமை

வில்லாபுரத்தில் சகல செல்வாக்கோடும் வீற்றிருக்கும் என் அருமை மச்சான் விருமாண்டி அவர்கள் சமூகத்துக்கு, பேரையூர் முத்திருளன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை மாயக்காள், உங்கள் மருமகள் முத்துத்தாய், உழவு மாடுகள், கார் ஆகிய எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேற்படி நலத்தில் காரைப் பற்றி எழுதியது மட்டும் முழு நிஜம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆமாம் மச்சான், கார்தான். கோபத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் மேலே படிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாட்டுவண்டி கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து, நீங்கள் மிளகாய்த் தோட்டத்தில் போய் விழுந்து எழுந்தீர்களே, அன்றைக்கு வேட்டியை உதறிக்கொண்டே, "மாப்ள, இனி உன் வீட்டு வாசல மிதிச்சா காருல வந்துதான் மிதிப்பேன், ஐயனார் மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டுத் திருமங்கலம் வரைக்கும் நடந்தே போனீர்கள். அப்போது எங்கள் பக்கம் கார் என்றால் ஜமீன் வீட்டுக் கார் ஒன்றுதான். ஆகையால் நீங்கள் இனி வரப்போவதில்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. உங்கள் தங்கை ஒருத்திதான் அப்படி நினைக்கவில்லை. "எங்கண்ணன் காருல வாரேன்னுதான சொல்லிருக்கு, வரமாட்டேன்னா சொல்லுச்சு?" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன் மதுரைக்குத் தெற்கே நீங்கள் ஒருவர்தான், அதில் எனக்கும் பெருமைதான். அந்தச் சொல் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாம்.

முத்துத்தாய்க்கு ஐந்து வயதாகிவிட்டது மச்சான். இன்னும் காது குத்தவில்லை. ஊரில் பொம்பளைகள் கிணற்றடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன மாயக்கா, மக இன்னும் மூளிக்காதோடவா திரியுறா?" என்று கேட்கிறார்கள். இவளோ, "அவ மாமன் மடியில ஒக்காந்துதான் காது குத்துவா. அது வாரவரைக்கும் காது அம்புட்டுத்தான் இருக்கும், ஒங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படிச் சொல்லிவிட்டு வந்த நாட்களில் எனக்குக் கிடைக்கும் குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும். இந்த வருஷம் பருத்தி கைகொடுத்தது. கொடைக்கானல் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கார் ஒன்று கிடைத்தது. மேலே மடக்குகிற துணிக்கூரை, பக்கத்தில் குழாய் ஊதுகிற ஹாரன், முன்னால் பித்தளைச் சட்டம் போட்ட ஒரே கண்ணாடி. ஓட்டுவதற்குப் பேயாண்டி என்று ஒருவனை வைத்திருக்கிறேன், முன்பு பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். தை கடைசி வெள்ளிக்கிழமை காது குத்து என்று நாளும் குறித்தாகிவிட்டது. இந்த இடத்தில் கடிதத்தை முடித்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வண்டி வந்த அன்றைக்கே ஐயனார் கோவில் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சிதறுகாய் போட வேண்டியது நான். புதுசாக வந்த வண்டி, மூன்று வருஷம் காத்திருந்து வந்த வண்டி, அதிலும் மச்சானை ஏற்றிவரப் போகிற வண்டி. ஏனோதானோ என்று போட மனசு வருமா? தலைக்கு மேலே தூக்கி ஒரே போடு. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் மெச்சியிருப்பீர்கள். காய் தூள்தூளாகப் போயிற்று. ஆனால் கண் பக்கத்து மூடி மட்டும் கல்லில் எம்பி, நேராக வந்து கார் கண்ணாடியில் அடித்தது. ஒரு மூலையில் ஆரம்பித்த விரிசல் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறு மூலைக்குப் போனது, அப்புறம் கண்ணாடி பாதிக்குப் பாதி பெயர்ந்து உள்ளே விழுந்தது. பூசாரி மட்டும் சந்தோஷமாக, "திருஷ்டி அம்புட்டும் அதோட போச்சு முத்திருளா, ரொம்ப நல்ல சகுனம்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு உங்கள் தங்கை பார்த்த பார்வையில் அவர் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கருவறைக்குள்ளே போய்விட்டார்.

கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, வண்டி ஓடுகிறதே, அப்படியே போய் மச்சானைக் கூட்டி வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "என் மகளுக்கு மூளிக்காது, எங்கண்ணனுக்கு மூளிக் காரா? மூணு வருசம் கழிச்சு வாசல்ல வந்து எறங்குற மனுசன் மூஞ்சியெல்லாம் புழுதி அப்பிக்கிட்டு வரணுமா? கண்ணாடி போட்டுட்டுத்தான் வண்டி வில்லாபுரத்துக்குப் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மறுநாள் நானும் பேயாண்டியும் மதுரையில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார், பித்தளைச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, இது சாதாரணக் கண்ணாடி இல்லை, பட்டணத்துக்கு எழுதி அங்கிருந்து ரயிலில் வர வேண்டும், வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் பங்குனியில் வந்து பாருங்கள் என்றார். பங்குனியில் வந்தால் தை வெள்ளிக்கு எப்படிக் காது குத்துவது?

இங்கேதான் மச்சான் பெரிய யோசனை வந்து நின்றது: கண்ணாடியை நாமே மாற்றிப் போடுவதா, வேண்டாமா? பேயாண்டி காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணே, அது கம்பெனிக்காரன் போட்ட கண்ணாடி. அதுல நாம கைய வச்சா வண்டி கோவிச்சுக்கிரும். நாளைக்கு மேட்டுல ஏறமாட்டேன்னு நின்னுக்கிட்டா நீங்களா தள்ளுவீக?" என்றான். ஊர் ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானோ, இதில் கைவைத்துக் கெடுப்பதா, வைக்காமல் கெடுவதா என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். உங்கள் தங்கை காலையில் சாணி தெளித்துக்கொண்டே ஒரு வார்த்தையில் முடித்தாள். "கலப்பைக்குக் கொழு மாத்துறோம். கதவுக்குப் பலக மாத்துறோம். தண்ணி எறைக்கிற கவலைக்குத் தோல் மாத்துறோம். இந்தக் கண்ணாடிய மாத்த மட்டும் சீமையிலருந்து ஆள் வரணுமாக்கும்! சட்டத்தக் கழட்டுங்க." இப்படிச் சொல்ல எனக்கு வராது மச்சான். சர்க்கார் ஆபீசில் கலெக்டர் உத்தரவு போடுவதுகூட இம்புட்டுச் சுருக்கமாக இருக்காது.

சட்டத்தைக் கழற்றப் போனால் திருகாணி ஒன்றும் அசையவில்லை, துரையோடு வந்த துரு. அவள் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் விளக்கெண்ணெய் விட்டு, துணி சுற்றி, "நாளைக்குப் பேசிக்கிருவோம்" என்று விட்டுவிட்டாள். மறுநாள் ஒவ்வொன்றும் மரியாதையாகக் கழன்று வந்தது. எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று மறந்துபோகக் கூடாது என்பதற்காக, பல்லாங்குழிப் பலகையை எடுத்துவந்து குழிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டு வைத்தாள். இந்த யுக்தியைப் பார்த்துப் பேயாண்டி வாயைப் பிளந்தான். நானும் பிளந்தேன். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடுவதற்குள் உங்கள் மருமகள் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு திருகாணியை வைத்தே ஒரு ஆட்டம் ஆடி முடித்திருந்தாள். ஆட்டத்தில் அவள்தான் ஜெயித்தாளாம். தாய்மாமன் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அளவு. நான் தறி நூலாகப் பார்த்து எடுத்து, சட்டத்தின் நீளத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அளவு எடுத்தேன். அதில் மயிரிழை பிசகில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் காது குத்துக் காரியமாகப் போகிற நூல் வெள்ளையாகப் போகலாமா? மங்கலக் காரியம் ஆயிற்றே. ஆகவே அது மஞ்சள் தண்ணீரில் நனைக்கப்பட்டு, வெயிலில் காய வைக்கப்பட்டு, வெற்றிலையில் மடித்து என் மடியில் வைக்கப்பட்டது. நனைத்தது யார் என்று எழுதுவதற்கில்லை. நான் எழுத எழுத ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்கிறாள்.

பட்டணத்துக் கண்ணாடி வேண்டாம், சாமிப் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையிலேயே தடித்த கண்ணாடி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் சிஹாபுதீன் என்று ஒரு பாய், நல்ல மனுஷர். மஞ்சள் நூலை விரித்துப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "இம்புட்டுப் பெரிய படமா! எந்தக் கோயிலுக்கு அண்ணே, எந்தச் சாமி?" என்றார். காருக்கு என்றேன். "காருக்கா? சுபானல்லா!" என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எங்க வாப்பா காலத்துலருந்து எத்தனையோ சாமிக்குப் போட்டாச்சு, இதுக்கும் போட்டுருவோம்" என்று உள்ளே போய், வைர முனையால் ஒரே கோடு இழுத்து, வெட்டிய சத்தம்கூடக் கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நூல் என்ன சொன்னதோ அதே அளவு. பஸ்ஸில் திரும்பும்போது கண்ணாடியை வைக்கோல் சுற்றி ஸீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் கல்லுப்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர், ஸீட்டில் சுற்றி உட்கார வைத்திருப்பது யார், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் கூடி, நல்ல நேரம் பார்த்து, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தோம். நீளத்தில் ஒரு விரற்கடை குறைகிறது. உயரத்திலும் குறைகிறது. நனைத்துக் காய வைத்த நூல் சுருங்கும் என்பது நெசவு வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பருத்தியிலேயே பிறந்து பருத்தியிலேயே வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. உங்கள் தங்கை அந்தச் சந்து வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எம்புட்டுப் பெரிய பேச்சு என்று, அவளோடு பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்தை அடைக்க நான் ஒரு வழி சொன்னேன். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டிப் பாகு. மதுரை மஹால் தூண்கள் அந்தக் கலவையில்தான் நிற்கின்றன என்று சொல்வார்கள், தூணே நிற்கும்போது ஒரு கண்ணாடி நிற்காதா? நானே அரைத்தேன், நானே பூசினேன். ஒட்டுவதில் சந்தேகம் வேண்டாம் என்று கருப்பட்டி மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடி கறுப்பாக இருக்கிறது. என்னவென்று கிட்டே போனால் அம்புட்டும் எறும்பு. பேரையூர் வட்டாரத்தில் உள்ள எறும்பு மொத்தமும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாரம் முந்தியே வந்து இறங்கியிருந்தது. பேயாண்டி ஸீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து கண்மாய்ப் பக்கம் ஓடினான். "அண்ணே, நாந்தான் அப்பவே சொன்னேன்ல, வண்டி கோவிச்சுக்கிருச்சு!" என்று தண்ணீருக்குள் நின்றுகொண்டு கத்தினான். நான் என்ன செய்ய? உடனே பட்டறைக்கு ஓட்டிப்போய்ப் பங்குனி வரை விட்டுவிடலாம், காது குத்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன் மச்சான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அடுத்த வருசம்னு ஒண்ணு இருக்குனு யாரு சொன்னா? மூணு வருசமா ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கண்ணனுக்குனு ஒரு எல போட்டு வச்சு, சாயங்காலம் நானே அத மாட்டுக்கு எடுத்துப் போடுறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. பிறகு அவள் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, விளக்குமாற்றால் எறும்பையும் என் கலவையையும் சேர்த்துக் கழுவித் தள்ளினாள். என் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, அரிவாள்மணையில் நீளவாக்கில் கீறினாள். கண்ணாடியின் நாலு ஓரத்துக்கும் சேலைக்குக் கரை வைத்த மாதிரி அந்த ரப்பரை மடித்துச் சுற்றி, விளக்கெண்ணெய் தடவி, மத்துக் காம்பால் இழைத்து இழைத்துச் சட்டத்துக்குள்ளே இறக்கினாள். விரலில் ரத்தம் வந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறக்கினாள். குழம்பிப்போன திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்த்து அதனதன் இடத்தில் சேர்த்தாள். பொழுது சாயும்போது கண்ணாடி நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் உட்காருகிற பக்கம் மட்டும் கொஞ்சம் வந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆகவே மச்சான், யாராவது உங்களிடம் வந்து காரின் முன் கண்ணாடியை நாமே மாற்றலாமா என்று கேட்டால் தாராளமாக மாற்றலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வீட்டில் உங்கள் தங்கை மாதிரி ஒருத்தி இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தேவை. அவளைக் கட்டிக்கொடுத்ததற்கு இத்தனை வருஷமாக உங்களுக்கு நான் முறையாக ஒரு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடி இனி நூறு வருஷத்துக்கு அசையாது. வியாழக்கிழமை காலையில் நானே வண்டியோடு வருகிறேன். புழுதி ஒரு பொட்டு உங்கள் மேல் படாமல், ராஜா மாதிரி கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவேன். உங்கள் மடிக்காக ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். ஐயனார் உங்கள் குடும்பத்துக்கு ஆயுசும், ஆடு மாடும், எங்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பாசத்துக்கு என்றும் ஏங்கும்
முத்திருளன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. கடிதம் போட்டால் உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும் என்று உங்கள் தங்கை செவ்வாய்க்கிழமை காலையிலேயே எங்களை வண்டியில் ஏற்றி, தானும் பிள்ளையோடு ஏறிக்கொண்டு கிளப்பிவிட்டாள். நூறு வருஷம் என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். திருமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தூக்கிப்போட்டதில், ரப்பர் நழுவி, கண்ணாடி தூங்கி விழுகிற ஆள் மாதிரி மெதுவாகச் சாய்ந்து அவள் மடியிலேயே வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. பத்திரமாக ஒரு புளியமரத்தில் சாத்தி வைத்துவிட்டு இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினோம். அந்த வழியாக ஆட்டுக் கிடை ஒன்று வந்தது. அதில் ஒரு முரட்டுக் கிடாய், கண்ணாடிக்குள் தன்னைப் போலவே இன்னொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டது. மீதியை நான் எழுத வேண்டாம். இனித் திரும்பிவிடலாம் என்று பேயாண்டியும் நானும் சொன்னோம். அவள் உடைந்த கண்ணாடியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஏறுங்க" என்றாள்.

இதை உங்கள் தெருமுனையில், காரின் மூக்கின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கொண்டுவந்து கொடுப்பவன் பேயாண்டி. அவன் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் புழுதி, பயப்பட வேண்டாம். மச்சான், நீங்கள் அன்றைக்குச் சத்தியம் பண்ணியது காருக்குத்தான், கண்ணாடிக்கு இல்லை. முத்துத்தாய் பின் ஸீட்டில் தூங்கிவிட்டாள். உங்கள் தங்கை முன் ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து உங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. புழுதி விழுந்துவிட்டதாம். கண்ணாடி இல்லாத வண்டி, நானும் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டி நின்று ரொம்ப நேரம் ஆயிற்று மச்சான், சீக்கிரம் வாருங்கள்.